நூற்றில் ஒன்று

சட்ட மருத்துவர் என் வலது கையைத் தூக்கிப் பார்த்தார்,
எடைக்கல்லில் முத்திரை தேடுபவர் போல.
'உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால்
உங்கள் உடம்பில் நூற்றில் ஒன்று' என்றார்.
எனக்குத் தெரியாது.
நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்த கை
சொல்லவேயில்லை.

கையைத் தாளில் வைத்துக் கோடிழுத்து
வெட்டியெடுத்தார்.
அந்தக் காகிதக் கையை என் முதுகில்
வைத்து வைத்து எடுத்தார்.
தோளில் நான்கு. விலாவில் ஆறரை.
உதவியாள் எழுதிக்கொண்டே போனான்,
துறைமுகத்தில் மீன் எடை குறிப்பவர்கள் போல
நிமிராமல்.

சிம்போத்தேயில் நெத்திலி வரும் மாதங்களில்
ஊரே நாறும்.
வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.
நாங்கள் சம்பள வாசனை என்போம்.
மீன்மாவு ஆலையில், இரவு முறையில்,
மூன்றாம் கொதிகலனுக்குக் கீழே நான் நின்றபோது
ஒரு வால்வு இருமியது.

இருமியது என்றுதான் கூண்டிலும் சொன்னேன்.
கம்பெனி வக்கீல் ஃபர்ஃபான் எழுந்தார்:
'இயந்திரங்கள் இருமுவதில்லை, கனம் நீதிபதி அவர்களே.'
அந்தச் சொல்லை அடித்துவிட்டார்கள்.
வேறு சொல் யாரும் தரவில்லை.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது, சரி.
ஆவி என்கிற இடத்தில்தான்
எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.
வெள்ளையாக வரும் என்று நினைத்திருந்தேன்,
பானையிலிருந்து வருவது போல.
வரவில்லை. காற்று மட்டும் கொஞ்சம் நடுங்கியது.
முகத்துக்கு முன்னால் கையை வைத்தேன்.
வைக்காதிருந்தால்
முகமும் இந்தக் கணக்கில் வந்திருக்கும்.

நான்கு வருடம், பதினேழு வாய்தா.
முதலில், குழாய்க்கு மேல் எச்சரிக்கைப் பலகை
இருந்தது என்றார்கள்.
பலகை எழுதிய அபெர்சியோ வந்து
தலையைச் சொறிந்தபடி,
'அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிய மறுநாள் எழுதினேன்,
அந்தச் சிவப்புக்கு இன்னும் காசு தரவில்லை' என்றான்.
பிறகு, கை நன்றாகவே இருக்கிறது என்றார்கள்.
விரல் மடங்கியிருப்பது வாதம்,
கடலோரத்து ஈரம், வயசு.
அறுநூறு பக்கக் கோப்பில் அதற்கு ஒரு சான்றிதழ்,
என்னைப் பார்த்தேயிராத ஒருவரின் கையெழுத்தோடு.

இன்று மொத்தம் கூட்டினார்கள்.
பத்தொன்பது கை.
ஃபர்ஃபான் துள்ளி எழுந்தார்:
'ஆட்சேபணை! வலது கை வெந்து சுருங்கிய கை.
சின்னப் படியால் அளந்தால்
அரிசி அதிகமாகத்தானே தெரியும்?
இடது கையால் அளக்க வேண்டும்.'

நீதிபதிக்கு அது நியாயமாகப் பட்டது.
எனக்கும்தான், உண்மையைச் சொன்னால்.
இடது கையை வெட்டினார்கள்.
மறுபடி சட்டையைக் கழற்றினேன்.
பதினான்கு.

ஐந்து கை ஒரே நிமிடத்தில் ஆறிப்போனது.

என் வக்கீல் மரிபெல்,
காலையிலிருந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவள்,
மெதுவாக எழுந்தாள்.
'எதிர்த்தரப்பு இப்போது சொன்னதை
அப்படியே பதிவு செய்யவேண்டும்.
வலது கை, வெந்து, சுருங்கிய கை.'
தட்டச்சுக்காரி எழுதும் சத்தம் கேட்டது.
ஃபர்ஃபான் தண்ணீர் குடித்தார்.
கோப்பின் நடுவில் எங்கோ
வாதம் என்ற சான்றிதழ் இருந்தது.
யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அதற்காகக் காசு கொடுத்துவிடவில்லை.
பிப்ரவரிக்கு வாய்தா.
வெளியே வந்ததும் மரிபெல் என் தோளைத் தட்ட வந்து,
எந்தத் தோள் என்று யோசித்து,
பையைத் தட்டினாள்.

காகிதக் கைகள் இரண்டையும்
பின் அடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.
பெரியதின் மேல் சின்னது.
திருப்பித் தரமாட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து, விளக்குப் போடாமல்,
இடது கையால் அளக்கத் தொடங்கினேன்.
சாப்பாட்டு மேஜை நாற்பத்தெட்டு.
கதவை எண்ண முடியவில்லை,
மேலே எட்டவில்லை.
நாய் ஆறு.
அளந்து முடிக்கும்வரை
அசையாமல் படுத்திருந்தது, பாவம்,
தடவிக்கொடுக்கிறேன் என்று நினைத்து.